பதிவேட்டில் இழுத்த கோடு

நீச்சல் போட்டிகளில் தடத்தின் முனையில் நாற்காலி போட்டு அமர்ந்து நேரம் குறிக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். சம்பளம் கிடையாது, ஆனாலும் அது கௌரவமான வேலை என்று இன்றும் நம்புகிறேன். நீந்தி வருபவரின் விரல் சுவரில் படும் கணத்தில் நம் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அழுத்தியாக வேண்டும். ஒரு முறை, 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் முதலாவதாக வந்த சிறுமி ஒருத்தியின் நேரத்தை நான்தான் குறித்தேன். மாலையில் நிர்வாகிகள் என்னை அழைத்தார்கள். அந்தச் சிறுமியின் கழகத்துக்கும் சங்கத்துக்கும் இடையில் ஏதோ தகராறு இருந்தது; கழகத்தின் பதிவு செல்லாது என்று அன்று பிற்பகல்தான் முடிவு செய்திருந்தார்கள். ஆகவே அவளுடைய வரியை அடித்துவிட்டுக் கையொப்பமிடச் சொன்னார்கள். நான் அடித்தேன், கையொப்பமும் இட்டேன். வெளியே ஈரத் தலையுடன் நின்றிருந்த அந்தப் பெண் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: "அப்போ நான் நீந்தவே இல்லையா சார்?" அழுதுகொண்டு கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பல வருடங்கள் கழித்து, வியன்னா நகரத்தின் ஹகோவா என்ற யூத விளையாட்டுக் கழகத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது அந்தக் கேள்வி மறுபடியும் எழுந்தது. கால்பந்துப் பிரியர்களுக்கு ஹகோவா பழக்கமான பெயர். எனக்கு அதன் நீச்சல் பிரிவுதான் முக்கியமாகப் பட்டது. அதிலும் 1936-ல் நடந்த ஒரு காரியம், இந்தக் கழகத்தின் கதையை நாம் வழக்கமாகச் சொல்லும் விதத்தையே சந்தேகிக்க வைத்தது. ஜெர்மானியப் படை 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது, கழகம் அழிந்தது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். அந்த வாக்கியம் பொய்யில்லை. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, எந்தப் படையும் எல்லை தாண்டாத காலத்தில், அதே கழகத்தின் இளம்பெண்களுடைய பெயர்களின் மேல் ஆஸ்திரியாவே கோடு இழுத்திருந்தது. அதை மறந்துவிட்டு மற்றதை மட்டும் நினைவுகூர்வது வசதியான நினைவுகூரல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வலிமை என்று பெயர் வைத்தவர்கள்

ஹகோவா என்ற எபிரேயச் சொல்லுக்கு வலிமை என்று பொருள். 1909-ல் இந்தக் கழகத்தைத் தொடங்கியவர்களில் இருவர் முக்கியமானவர்கள்: பாடலாசிரியர் ஃப்ரிட்ஸ் லோனர்-பெடா, பல் மருத்துவர் இக்னாஸ் கெர்னர். யூத இளைஞர்கள் உடலை வளர்க்க வேண்டும், தசை வலுவும் ஒரு விடுதலைதான் என்று யூதத் தேசிய இயக்கமான சியோனிசத்தின் தலைவர் மாக்ஸ் நோர்டாவ் 1898-ல் அந்த இயக்கத்தின் பாசல் மாநாட்டில் வைத்த வாதம் அவர்களைத் தூண்டியிருந்தது. வாதம் ஒருபுறம் இருக்க, நடைமுறைத் தேவை ஒன்றும் இருந்தது. வியன்னாவின் முதன்மையான உடற்பயிற்சிச் சங்கம் 1887-லேயே யூதர்களுக்கு இடமில்லை என்று விதி எழுதிவிட்டது. 'ஆரிய விதி' என்றே அதற்குப் பெயர். பிற சங்கங்களும் ஒவ்வொன்றாக அதைப் பின்பற்றின. மலையேறுபவர்கள்கூட விலக்கில்லை, யூதர்கள் அதிகமாக இருந்த டோனாவ்லாண்ட் கிளையை ஜெர்மானிய ஆஸ்திரிய மலையேற்றச் சங்கம் 1924 டிசம்பரில் வெளியேற்றியது. இரண்டு லட்சம் யூதர்கள் வாழ்ந்த நகரத்தில் ஒரு பிள்ளைக்கு ஓடவும் குதிக்கவும் நீந்தவும் ஆசை வந்தால் போவதற்கு ஓர் இடம் வேண்டுமே. அந்த இடமாக ஹகோவா ஆனது.

அதனால்தான் அது ஒரே விளையாட்டோடு நிற்கவில்லை. கால்பந்து, மல்யுத்தம், ஹாக்கி, வாள்சண்டை, தடகளம், நீச்சல், வாட்டர் போலோ என்று பிரிவுகள் கிளைத்தன. கால்பந்து அணியின் புகழைத் தனியே எழுத வேண்டியதில்லை. 1923-ல் லண்டனுக்கே சென்று வெஸ்ட் ஹாமை 5-0 என்று வென்றதும், ஆஸ்திரியாவின் முதல் தொழில்முறைத் தொடரான 1924-25 பருவத்தில் சாம்பியன் ஆனதும், அந்தப் பருவத்தில் கையில் அடிபட்ட கோல்காப்பாளர் அலெக்ஸாண்டர் ஃபாபியான் மாற்று ஆட்டக்காரர் இல்லாத விதியினால் கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் போய்ப் பட்டத்தைத் தீர்மானித்த கோலை அடித்ததும், 1926-ல் நியூயார்க்கில் 46,000 பேர் முன்னிலையில் ஆடியதும் எல்லாரும் சொல்லும் கதைகள். அந்த அமெரிக்கப் பயணத்துக்குப் பிறகு பல ஆட்டக்காரர்கள் அங்கேயே தங்கிவிட, அணி மெலிந்துபோனது. ஆனால் கழகம் மெலியவில்லை. கால்பந்து இறங்கிய அந்தப் பத்தாண்டில்தான் குளத்தில் பெண்கள் எழுந்து வந்தார்கள்.

கால்வாயின் இரு கரைகள்

இருபதுகளின் வியன்னாவில் ஆண்டுதோறும் நடந்த ஒரு நீச்சல் போட்டி ஊர்த் திருவிழா போன்றது. நகரத்தை ஊடுருவி ஓடும் டானூப் கால்வாயில் 7.5 கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரைகளிலும் பாலங்களிலும் பெருங்கூட்டம் நிற்கும். நான்கு சுவருக்குள் அடங்கிய குளத்தில் நீந்துவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. குளத்தில் தலையைத் திருப்பி மூச்சு வாங்கும்போது தெரிவது பக்கத்துத் தடத்தின் கயிறு. கால்வாயில் ஒவ்வொரு மூச்சுக்கும் கரையில் நிற்கும் முகங்கள் தெரியும், அவர்கள் கத்துவதும் அரைகுறையாகக் காதில் விழும். ஹகோவாவின் ஹெடி பீனென்ஃபெல்ட் நெஞ்சில் யூதர்களின் அடையாளமான தாவீதின் நட்சத்திரம் தைத்த நீச்சலுடையில் இந்தக் கால்வாயை நீந்திக் கடந்து, பெண்களில் முதலாவதாக வந்தார். கரையில் கைதட்டியவர்களும் இருந்தார்கள், யூதர் என்று வசை பாடியவர்களும் இருந்தார்கள். இரண்டு சத்தத்தையும் கேட்டபடி ஏழரை கிலோமீட்டர் கைவீச்சைச் சீராக வைத்திருப்பதற்கு எவ்வளவு மன அடக்கம் வேண்டும் என்பது நீரில் நீண்ட நேரம் இருந்து பழகியவர்களுக்குப் புரியும். சீற்றம் மூச்சைக் கெடுக்கும். மூச்சு கெட்டால் கை கெடும்.

1927-ல் பொலோன்யா நகரில் நடந்த ஐரோப்பியச் சாம்பியன் போட்டியில் அதே பீனென்ஃபெல்ட் 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் வெண்கலம் வாங்கினார். அவருடைய கழகத் தோழி ஃப்ரிட்ஸி லோவி 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இன்னொரு வெண்கலம். மறு ஆண்டு இருவரும் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவுக்காக நீந்தினார்கள். நெஞ்சில் நட்சத்திரத்தோடு நகரத்துக் கால்வாயிலும் நாட்டின் சின்னத்தோடு ஒலிம்பிக் குளத்திலும் நீந்திய அந்த இரண்டு பெண்களுக்கும் இரண்டு உடைகளும் பொருந்தியே இருந்தன. பொருந்தாது என்று சொன்னவர்கள் கரையில் நின்றவர்கள்.

பல விளையாட்டுக் கழகம் ஒன்றின் உண்மையான பயன் எனக்குப் புரிந்த இடம் ஒன்றுண்டு. ஹகோவாவின் மற்ற பிரிவினர் போட்டிக்குப் போகும்போது கழகத்தின் மல்யுத்த வீரர்கள் உடன் சென்று பாதுகாப்பாக நிற்பார்களாம். மல்யுத்தப் பிரிவு வலுவானது. அதன் மிக்கி ஹிர்ஷ்ல் 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்றவர். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி பந்தயத்துக்காகக் குளத்தின் விளிம்பில் ஏறி நிற்கும்போது, பார்வையாளர் வரிசையில் எருமைக் கழுத்துடைய நாலு அண்ணன்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு என்னவாக இருந்திருக்கும்! தனி நீச்சல் சங்கமாக இருந்திருந்தால் இது வாய்த்திருக்காது. விளையாட்டு நிர்வாகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பல பிரிவுகள் ஒரே கூரையின் கீழ் இருப்பதன் செலவு, சிக்கல், மைதானச் சண்டை இவற்றையே பேசுவார்கள். ஒரு பிரிவு இன்னொன்றுக்குக் காவலாக நிற்க முடியும் என்பதை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

1936

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். யூடித் டாய்ச் 1918-ல் வியன்னாவில் பிறந்தவர். சகோதரிகளோடு சேர்ந்து ஹகோவாவில் நீந்தியவர். ஃப்ரீஸ்டைலில் 100, 200, 400 மீட்டர் மூன்றிலும் ஆஸ்திரியச் சாதனைகள் அவர் கையில் இருந்தன. இந்த மூன்று தூரங்களையும் ஒருவரே ஆள்வது எளிதான காரியம் அல்ல. நூறு மீட்டருக்கு வேண்டிய வெடிப்பு வேறு, நானூறு மீட்டருக்கு வேண்டிய பொறுமை வேறு. 1935-ல் நாட்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர்களுள் ஒருவராக அவரைக் கௌரவித்தார்கள். அடுத்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்குக்கான ஆஸ்திரிய அணிக்கு அவரும், கழகத் தோழிகள் ரூத் லாங்கரும் லூசி கோல்ட்னரும் தேர்வானார்கள். ரூத்துக்கு அப்போது வயது பதினைந்து; பதினான்கு வயதிலேயே நாட்டின் 100, 400 மீட்டர் சாதனைகளை உடைத்த சிறுமி அவர்.

மூவரும் பெர்லினுக்குப் போக மறுத்தார்கள். யூத விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பான உலக மக்காபி அமைப்பு, யூத விளையாட்டு வீரர்கள் பங்கேற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அழைப்பு அவர்களுடைய மறுப்புக்குப் பின்னால் இருந்தது. ஆனால் மறுப்பில் கையொப்பமிட்ட கை அவர்களுடையதுதான். ஒலிம்பிக்கை அவர்கள் வெறுக்கவில்லை. தம் மக்களை அவமதித்து விரட்டுகிற அரசின் விருந்தாளியாகப் போய் நிற்க மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான். இதில் எல்லாரும் ஒரே மாதிரி முடிவெடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யூத வம்சத்தவரான ராபர்ட் ஃபைன் ஆஸ்திரியாவின் சார்பில் பெர்லினுக்குச் சென்று, எடை தூக்குதலில் எகிப்தின் மெஸ்பாவோடு தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார். ஹிட்லரின் கண்ணெதிரே வென்று காட்டுவதும் ஒரு பதில்தான் என்று அவரைப் போன்றவர்கள் நினைத்திருந்தால் அதைக் குறை சொல்ல நமக்கு அருகதை இல்லை. ஜெர்மனியின் உயரம் தாண்டும் யூத வீராங்கனை கிரெட்டல் பெர்க்மனுக்கோ தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருக்கவில்லை; அவரது நாடு தொடக்க விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு அவரைக் கழற்றி விட்டது. ஆக மூன்று ஆஸ்திரியப் பெண்களுக்கு இருந்தது ஓர் அரிய சுதந்திரம்: வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம். அதை அவர்கள் பயன்படுத்தினார்கள்.

பதில் உடனே வந்தது, பெர்லினிலிருந்து அல்ல, வியன்னாவிலிருந்து. ஆஸ்திரிய விளையாட்டுக்குக் கேடு விளைவித்தார்கள், ஒலிம்பிக் உணர்வை அவமதித்தார்கள் என்று ஆஸ்திரிய நீச்சல் சம்மேளனம் அவர்களைப் போட்டிகளிலிருந்து தடை செய்தது. அத்துடன் நிற்காமல், வென்ற பட்டங்களைப் பறித்து, யூடித்தின் சாதனைகளைப் பதிவேட்டிலிருந்தே நீக்கியது.

இந்த இடத்தில் நான் நீண்ட நாள் நின்றுவிட்டேன். தடை எனக்குப் புரிகிறது. அது அநியாயம், ஆனால் புரிகிற அநியாயம். அணியில் சேர மறுத்தவரை இனி அணியில் சேர்க்க மாட்டோம் என்பது வருங்காலத்தின் மீது விதிக்கும் தண்டனை. சாதனையை நீக்குவது வேறு வகை. 1935-ல் ஒரு பெண் ஒரு குளத்தில் குதித்தாள், நானூறு மீட்டர் நீந்தினாள், சுவரைத் தொட்டாள். என்னைப் போல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் ஸ்டாப்வாட்சை அழுத்தினார்கள். மூன்று எண்களையும் ஒப்பிட்டு நடு எண்ணை எடுத்து எழுதினார்கள். அந்த நீச்சலில் ஊக்க மருந்து இல்லை, தவறான திருப்பம் இல்லை, முன்கூட்டிய பாய்ச்சல் இல்லை. 1936-ன் கோடை அந்த நேரத்தைத் தொடவே முடியாது. ஆனாலும் யாரோ ஒருவர் மேசைக்கு முன் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, அந்த வரியின் மேல் கோடு இழுத்திருக்கிறார். அவர் நாஜிக் கட்சிக்காரராக இருந்திருக்கத் தேவையில்லை. மேலிடம் சொன்னதைச் செய்த, கையெழுத்து அழகான ஒரு செயலாளராகவே இருந்திருக்கலாம். நேற்று வரை அந்த எண்களைப் பார்த்துப் பெருமைப்பட்டவராகவும் இருந்திருக்கலாம். நான் அவரை வெறுக்க முயன்றேன், முடியவில்லை. அந்தப் பேனாவின் கனம் எனக்குத் தெரியும்.

அந்த ஆண்டின் ஜூலை 11 அன்றுதான் ஆஸ்திரிய அரசு ஜெர்மனியோடு உடன்பாடு செய்துகொண்டு, தன்னை ஒரு ஜெர்மானிய நாடு என்று ஏற்றுக்கொண்டது. அண்டை நாட்டின் மனம் கோணாதிருக்க எதையும் செய்யும் மனநிலை அரசிடம் இருந்தது. பயந்தவர்கள் தம்மைவிடப் பலவீனமானவர்களிடம் கண்டிப்பாக இருப்பது வழக்கம்தானே! பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் பெயரை அடிப்பதற்குத் துணிச்சல் எதுவும் தேவையில்லை. பின்னாளில், 1938-க்குப் பிறகு, ஹகோவாவைக் கலைத்து, பிராட்டர் பூங்காவில் இருந்த அதன் மைதானத்தைப் பறித்து, சொத்துகளைக் கைப்பற்றியபோது, பதிவேட்டில் கோடு இழுக்கும் கை ஏற்கெனவே பழகியிருந்தது. ஆகவேதான் எல்லாவற்றையும் 1938-ல் தொடங்குவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

சிதறியவர்களின் கடிதங்கள்

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்ல விரும்புகிறேன். யூடித் 1936-லேயே குடும்பத்தோடு பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தார். அங்கும் நீந்தினார், அங்கும் சாம்பியன் ஆனார். ரூத் தலைமுடிக்குச் சாயம் பூசி, போலி ஞானஸ்நானச் சான்றிதழோடு இத்தாலிக்குத் தப்பி, அங்கிருந்து இங்கிலாந்து போனார். லூசி கடைசியில் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். கழகத்தைத் தொடங்கிய லோனர்-பெடா 1942 டிசம்பரில் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார். நீச்சல் உடையில் விரும்பித் தைத்துக்கொண்ட அதே நட்சத்திரத்தை, 1941 முதல், கட்டாயமாகச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டியவர்களும் அந்நகரத்தில் மிஞ்சியிருந்தார்கள்.

நீச்சல் பிரிவின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்த வழக்கறிஞர் வாலண்டின் ரோசன்ஃபெல்ட் லண்டனுக்குத் தப்பிச் சென்ற பிறகு ஒரு காரியம் செய்தார். உலகமெங்கும் சிதறிய ஹகோவா நீச்சல்காரர்களுக்குச் சுற்றறிக்கை எழுதத் தொடங்கினார். யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்குத் திருமணம், யாரிடமிருந்து தகவல் வரவில்லை என்று ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரிவித்துக்கொண்டே இருந்தார். குளம் இல்லை, மைதானம் இல்லை, கழகத்தின் பெயர்கூட வியன்னாவில் சட்டப்படி இல்லை. பெயர்ப்பட்டியல் மட்டும் ஒரு வக்கீலின் மேசையில் உயிரோடு இருந்தது. ஒரு பேனா அடித்த பெயர்களை இன்னொரு பேனா எழுதிக்கொண்டிருந்தது. நான் வகித்த சிறு பொறுப்பில் எந்தப் பேனாவைப் பிடித்தேன் என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

திருப்பித் தருவது என்றால்

போர் முடிந்ததும் 1945-லேயே ஹகோவா வியன்னாவில் மீண்டும் பதிவு செய்யப்பட்டது. கால்பந்து அணி சில ஆண்டுகளே தாக்குப்பிடித்தது. பறித்த நிலம் திரும்புவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நாஜிக் காலத்தில் பறித்த சொத்துகளுக்கு ஈடு செய்வது பற்றிய 2001-ன் வாஷிங்டன் உடன்படிக்கை வழி திறந்த பிறகு, பிராட்டரில் பழைய மைதானத்தின் பகுதியில் புதிய விளையாட்டு மையம் 2008-ல் திறக்கப்பட்டது. 2011-ல் ஐரோப்பிய மக்காபி விளையாட்டுகளை வியன்னாவே நடத்தியது.

நீச்சல்காரர்களின் சாதனைகள் 1995-ல் திரும்பின. ஆஸ்திரியா மன்னிப்புக் கேட்டு, தடையை நீக்கி, யூடித்தின் பட்டங்களையும் சாதனைகளையும் மீண்டும் பதிவில் சேர்த்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. வியன்னாவுக்கு அவர் போகவில்லை. இஸ்ரேலில் இருந்தபடியே அதை ஏற்றுக்கொண்டார். மனம் நெகிழ்ந்து கேட்க வேண்டிய செய்திதான். ஆனாலும் என் உள்ளே இருக்கும் நேரக் கணிப்பாளன் ஒரு கேள்வி கேட்காமல் இருக்க மாட்டேன் என்கிறான். 1935-ன் சாதனையை 1995-ல் திருப்பித் தந்தால் என்ன கிடைக்கிறது? இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் அந்த நேரங்களை எத்தனையோ பேர் முந்தியிருப்பார்கள். சாதனை என்பது அது முறியும் வரைக்கும்தான் ஒருவருக்குச் சொந்தம். முறியும்வரை அதைத் தாங்கி நிற்பதே அதன் சுகம். அடுத்த தலைமுறைச் சிறுமி ஒருத்தி தன் பயிற்சிக் குறிப்பேட்டில் யூடித்தின் நேரத்தை எழுதி வைத்து, அதைத் துரத்தி, கடைசியில் ஒரு நாள் உடைத்திருக்க வேண்டும். அன்று யூடித்துக்கு வரும் சிறு வருத்தமும்கூட அவருடைய உரிமை. அதை யாராலும் திருப்பித் தர முடியாது.

என்றாலும் ஆஸ்திரியாவின் அந்த மன்னிப்பு வீண் என்று நான் சொல்லமாட்டேன். வெளியே ஈரத் தலையுடன் நின்று அந்தச் சிறுமி என்னிடம் கேட்டதற்கு, ஒரு நாடு அறுபது வருடம் கழித்தாவது எழுத்தில் பதில் சொல்லியிருக்கிறது: ஆமாம், நீ நீந்தினாய். நான் அதைச் சொல்லப் பல வருடங்கள் தாமதித்துவிட்டேன். அவளுடைய கழகத்தின் பழைய முகவரியைத் தேடிப் பிடித்து, அன்று நான் குறித்த நேரத்தை என் சொந்தக் குறிப்பேட்டிலிருந்து பெயர்த்து எழுதி, சென்ற மாதம்தான் ஒரு கடிதம் அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹகோவாவின் பழைய நீச்சல்காரிகள் சிலர், எண்பது வயதைத் தொட்டவர்கள், ஓர் ஆவணப்படத்துக்காக வியன்னாவுக்குத் திரும்பி, தாங்கள் ஒரு காலத்தில் நீந்திய நகரத்தின் குளத்தில் மறுபடியும் இறங்கினார்கள். அந்தக் காட்சியை நான் தனியே அமர்ந்து பார்த்தேன். வயதான உடல்கள்தான். ஆனால் நீருக்குள் கை நுழைகிற கோணம் இளமையில் கற்றுக்கொண்டபடியே இருந்தது, அது போகாது. அவர்கள் சேர்ந்து நீந்தி வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் வலது கைக் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே ஒரு முறை அழுந்தியது.